அறுபதில் ஓடும் கடிகாரம்

நள்ளிரவில் முள்ளைச் சரிசெய்துவிட்டுத்தான் படுத்தாள் நருமி.
காலையில் கடிகாரம் எட்டு இருபத்துநாலு என்றது.
பல் துலக்கினாளோ இல்லையோ,
சைக்கிளை மிதித்து மிதித்துக்
கல்லூரிக்கு வந்து சேர்ந்தால்
கேட்டில் பூட்டு.
காவலாளி அறைச் சுவரில்
மணி ஏழேகால்.

நகோயாவுக்குக் குடிவந்த இரண்டாம் நாள் அது.
கடிகாரம் செண்டாயில் வாங்கியது,
பழைய சாமான் கடையில், எண்ணூறு யென்.
பேட்டரி கிடையாது. சுவரில் செருகினால் ஓடும்.
அங்கே இரண்டு வருடம்
ஒரு நிமிடம் முன்பின் போனதில்லை.
இங்கே வந்ததும்
கடன்காரனைக் கண்டதுபோல்
ஓட்டம் பிடிக்கிறது.

"எண்ணூறு யென்னுக்கு வேறென்ன வரும்?"
ஈய வாசனையோடு எப்போதும் திரியும் குனிஹிகோ
சொல்லிவிட்டுச் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை.
சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியே
சுவர் மின்சாரத்தை அலைகாட்டிக்குக் கொண்டுவந்தாள்.
நாலு கட்டம் நீளவேண்டிய அலை
மூன்று கட்டம் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே
மடங்கி முடிந்தது.

கடிகாரத்தின் மேல் குற்றமில்லை.
அதற்குத் தெரிந்தது ஒரே வேலை:
வரும் அலைகளை எண்ணுவது.
ஐம்பது எண்ணினால் ஒரு நொடி,
அதுதான் அதன் பாடம்.
இங்கே நொடிக்கு அறுபது வருகிறது.
ஒரு மணி நேரத்தில்
எழுபத்திரண்டு நிமிடம் எண்ணிவிடுகிறது,
பாவம், ஒன்றுகூட விடாமல்.

முன்னொரு காலத்தில்
கிழக்கே இருந்தவர்கள் ஜெர்மனியில் ஜெனரேட்டர் வாங்கினார்கள்.
மேற்கே இருந்தவர்கள் அமெரிக்காவில்.
கலந்து பேசிக்கொள்ளவில்லை.
ஃபுஜி ஆற்றுக்கு இக்கரை ஒரு தாளம்,
அக்கரை ஒரு தாளம்.
பாலத்தை ரயில் கடந்தபோது
நருமி தூங்கிக்கொண்டிருந்தாள்.

கைபேசி சார்ஜருக்கு இந்தக் கவலை கிடையாது.
நாலு டையோடு, ஒரு மின்தேக்கி;
ஏறி இறங்கி வருவதை எல்லாம்
ஒரே பக்கமாய்த் திருப்பி, மேடு பள்ளம் நிரப்பி,
ஐம்பதா அறுபதா என்று கேளாமல் விழுங்கிவிடும்.
எந்த ஊர்ச் சோறும் ஒத்துக்கொள்ளும் வயிறு.
டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.
செண்டாயில் ஸட்ஜத்தில் முனகியது
இங்கே சாதாரண காந்தாரத்தில் முனகுகிறது.
ஆறுக்கு ஐந்து.
காது முதல் நாளே சொன்னது,
அவள்தான் கேட்கவில்லை.

ஆறுக்கு ஐந்து என்றால்
பன்னிரண்டு பல்லுக்குப் பத்துப் பல்.
கடிகாரத்தின் முதுகைத் திறந்து
மோட்டார் தண்டிலிருந்த சின்னச் சக்கரத்தைக் கழற்றினார்கள்.
புதியதை முப்பரிமாண அச்சில் வார்த்தார்கள்.
முதல் சக்கரம் நழுவியது.
இரண்டாவது கடித்தது, கத்தியது.
மோட்டாரை ஒரு மயிரிழை நகர்த்தித் திருகியபின்
மூன்றாவது சத்தமில்லாமல் சுற்றியது.
பழைய சக்கரம் எங்கே போனதென்று
இருவருக்கும் நினைவில்லை.

டிசம்பர் விடுமுறைக்கு
கடிகாரத்தையும் பையில் போட்டுக்கொண்டாள்.
தங்கை ரிட்சுகோவிடம் காட்டவேண்டும், அவ்வளவுதான்.
முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு
செண்டாய் வீட்டுச் சுவரில் செருகினாள்.
பிறகு நூடுல்ஸ், தொலைக்காட்சி,
போர்வைக்குள் கால்கள்.

கோயில் மணி கேட்டுக்கொண்டிருந்தது.
திரையில் எல்லோரும் ஒரே குரலில் எண்ணிக்
கத்தினார்கள். புது வருடம்.
கடிகாரத்தில் பதினொன்று.

நருமி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.
ரிட்சுகோ முள்ளை உற்றுப் பார்த்தாள்.
"இந்த வருடத்துக்குள் முடிப்பதாய்ச் சொன்ன கணக்குப் புத்தகம்
அப்படியே கிடக்கிறது.
இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, இல்லையா?"

"எழுபத்திரண்டு நிமிடம்"
என்று திருத்தினாள் அக்கா.